ஒரு 'ம்' குறைந்த சம்மர்

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன்.

எனக்கு வழக்கமாக மீன் வெட்டித் தருகிறவர் அன்று ஒரு நீல ரீசேர்ட் போட்டிருந்தார். வெளிறிப்போன நீலம். எங்கேயோ பார்த்த நீலம். பாரை மீனைப் பலகையில் போட்டுவிட்டு, கத்தியை எடுக்க மறுபக்கம் திரும்பினார். முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் ஒரு சொல்.

'சமர்'.

எனக்குப் பாரையும் மறந்தது, கொண்டுபோன பையும் மறந்தது.

நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டார். "மேகே தேரும மொகக்த, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார். இதற்கு என்ன அர்த்தம் என்கிறார். யாரோ ஒரு சேர்ச்சில் பழைய உடுப்புக் கொடுத்தபோது எடுத்ததாம். துணி நல்லதாம். எழுத்து மட்டும் விளங்கவில்லையாம்.

என்ன சொல்வது? "சமர்" என்றேன்.

"ஆ... சமர்!" என்று அவர் ஆங்கிலத்தில் விளங்கிக்கொண்டு தலையாட்டினார். பிறகு கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். "அப்பே ரட்டே சமர் நே நே, மிஸ்?" நம் நாட்டில்தான் சமர் இல்லையே!

சம்மரைச் சொன்னார் என்றால், முழுக்கச் சரி. மற்றதைச் சொன்னார் என்றால்... இப்போதைக்குச் சரி.

அந்த ரீசேர்ட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வளவு நாளும் உங்களிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன். அது மீன் வெட்டுகிறவரின் முதுகில் ஏறி மார்க்கெட் வரை வந்துவிட்டது. இனி மறைத்து என்ன?

முந்தின வருடம் ஜூலையில் ரொறன்ரோவிலிருந்து சாம் அங்கிள் வந்திறங்கினார். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். முறைப்படி நான் அவரை அத்தான் என்று கூப்பிட வேண்டும். ஆனால் சேர்ச்சில் சின்னது பெரியது எல்லாமே அங்கிள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எனக்கும் அவர் அங்கிள் ஆகிவிட்டார். முப்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாகச் சொக்லேட் கொண்டுவருவார்கள். இவர் ஒரு விஷன் கொண்டுவந்தார்.

கிறிஸ்தவ மாணவர் ஊழியம். கொழும்பில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நாற்பது பேரைச் சேர்த்து, வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஆறு கிழமை தங்கவைப்பது. காலையில் வேதப் படிப்பு. மாலையில் கடற்கரைக்கு வருகிறவர்களிடம் போய்க் கதைப்பது. பெயர் — சம்மர் புரொஜெக்ட்.

"அங்கிள், எங்களுக்கு ஏது சம்மர்?" என்று கேட்டேன். "எங்களுக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு காலம். ஒண்டு வெக்கை. மற்றது மழையோட வெக்கை."

"உலகம் முழுக்க இப்ப சம்மர்தான், யூ நோ" என்றார்.

உலகம் என்றால் ரொறன்ரோ. சரி. ஆனால் ஓகஸ்ட் மாத வெள்ளவத்தைக் கடலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சோளகக் காற்று அடிக்கிற மாதம். அலை வந்து கல்லில் மோதினால் தண்டவாளம் வரைக்கும் தெறிக்கும். கிற்றார் கம்பி ஒரு கிழமையில் துருப்பிடிக்கும். வாயைத் திறந்து ஒரு பாட்டு முழுதாகப் பாடினால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உப்புத் தேவைப்படாது.

போதாததற்கு ரயில். கால் மணிக்கு ஒரு தடவை கோட்டைப் பக்கமிருந்தோ மொரட்டுவைப் பக்கமிருந்தோ ஒன்று வரும். சாம் அங்கிள் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்குவார். நல்ல உருக்கமான கட்டம் வரும். அதோடு ரயிலும் வரும். ரயில் போய் முடிகிறபோது அவர் 'ஆமென்' சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் என்ன கேட்டார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

விசுவாசத்தை நான் கிண்டல் அடிக்கிறேன் என்று கடிதம் எழுதக் கிளம்பாதீர்கள். நானும் சேர்ச்சுக்குப் போகிறவள்தான். கடைசி வாங்கு, ஃபானுக்குக் கீழே. என் கிண்டல் எல்லாம் விஷன்களைப் பற்றியது.

இதில் நான் எப்படி மாட்டினேன்?

"நீர்தானே பேப்பரில எழுதுறனீர். தமிழ் வேலை முழுக்க உம்மட பொறுப்பு" என்றார் சாம் அங்கிள். புகழ்ச்சி என்று நினைத்துத் தலையாட்டினேன். இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கத் தொடங்கலாம். ஏனென்றால் என்னை உங்களுக்குத் தெரியும். இதே பத்தியில், இதே நாலு அங்குலத்தில், இந்த நாட்டுப் பெயர்ப்பலகைத் தமிழை எத்தனை தடவை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்? கழிவறைக் கதவில் 'ஆண்கள்' என்பதை 'ஆணிகள்' என்று எழுதியவரை விட்டேனா? 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்பதை 'விருந்துகிறோம்' ஆக்கிய அலுவலகத்தை விட்டேனா? 'ஒரு எழுத்தைக் கவனிக்க முடியாதவர்களுக்கு எதற்கு மொழி?' என்று கேட்டவள் நான். அந்தப் பத்தியை வெட்டி எடுத்து வைத்திருக்கிற வாசகர்கள்கூட இருக்கிறார்கள்.

பெயரைக் 'கோடை' என்று போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கோடை எண்டால் ஏதோ வறட்சி நிவாரணம் மாதிரி இருக்கு, டியர். யூத் கனெக்ட் ஆகமாட்டினம்" என்றார்.

கனெக்ட் ஆவதற்காகச் 'சம்மர்' என்றே தமிழில் போடுவதாக முடிவாயிற்று. அவரே தன் போனில் தட்டி, கொட்டாஞ்சேனையில் ரீசேர்ட்டும் பதாகையும் அடிக்கிறவருக்கு அனுப்பி, அவர் செய்த படத்தை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். 'பார்த்துச் சொல்லும்' என்று கீழே ஒரு வரி. நான் அப்போது சுப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றேன். ஒரு கையில் முட்டைப் பெட்டி. முன்னால் நின்ற பெண்மணி பொயின்ற் கார்டைத் தேடித் தன் கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தேன். நீலம் நன்றாக இருந்தது.

கட்டைவிரல் போட்டேன்.

ஏகலைவனுக்கு அடுத்தபடி கட்டைவிரலால் கெட்டவள் நான்தான். அவனிடமாவது குரு கேட்டு வாங்கினார்.

முதல் நாள் காலையில் மண்டபத்துக்குப் போனேன். மண்டபம் முழுக்க நீல முதுகு. மேடைக்கு மேலே ஆறடிப் பதாகை. வாசித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன்.

'கடலோரச் சமர். மாணவர் அணி. கரையிலிருந்து தொடங்குகிறது!'

ஒரேயொரு 'ம்'. அது விழுந்த இடத்தில் கோடைகாலம் போய் யுத்தம் வந்து குந்திவிட்டது. அதுவும் கடலோர யுத்தம். அணி வேறு. கரையிலிருந்து தொடங்கவும் போகிறதாம். இந்தச் சொல்லை நாங்கள் எந்தச் செய்தியில், எந்தத் தலைப்பில் கேட்டு வளர்ந்தோம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

ஆச்சரியம் என்னவென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் முதுகைக் காட்டிக் காட்டிச் செல்ஃபி எடுத்தார்கள். பாதிப் பேர் இங்கிலிஷ் மீடியம். மீதிப் பேருக்குத் தமிழ் என்றால் வீட்டில் அம்மாவோடு சண்டை பிடிக்கிற பாஷை. அவர்களுக்கு ச-ம-ர் என்றால் சம்மர். வேறென்ன?

ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

அவளை நிரோஜா என்று வைத்துக்கொள்வோம். கிளிநொச்சிப் பிள்ளை. கொழும்பில் கம்பஸ் இரண்டாம் வருடம். வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் நாலு பேரோடு ஒரு அறை. அவள் ரீசேர்ட்டைப் போடாமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"அங்கிள், இது... சண்டை எண்டல்லோ அர்த்தம்?"

சாம் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் பதாகையைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் விளங்க அரை நிமிடம் பிடித்தது. விளங்கியதும் முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும்!

"ஸ்பிரிச்சுவல் வார்ஃபெயர்!" என்றார். ஆவிக்குரிய யுத்தமாம். "ரெண்டு மீனிங்! நாங்கள் பிளான் பண்ணேல்லை, ஆண்டவர் பிளான் பண்ணியிருக்கிறார்!"

கடவுளுக்கு எழுத்துப் பிழை விடுகிற பழக்கம் இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

நிரோஜா என்னைப் பார்த்தாள். நான் தமிழ் ஆள். பேப்பரில் எழுதுகிறவள். நான் சொன்னால் அவர் கேட்டிருப்பார். 'பிழை என்னுடையது, திருப்பி அடிப்போம்' என்று ஒரு வசனம்தான். ஆனால் அந்த வசனத்தில் 'பிழை' என்றும் 'என்னுடையது' என்றும் இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதே... ஆகவே நான் வேறொரு வசனம் சொன்னேன்.

"பரவாயில்லை பிள்ளை. கொழும்பில ஆர் தமிழ் வாசிக்கப் போகினம்?"

கிழமைக்குக் கிழமை கொழும்பில் தமிழில் எழுதிப் பிழைக்கிறவள் சொன்ன வசனம் இது.

அவள் திரும்பிப் போனாள். ரீசேர்ட்டைப் போட்டாள். அதற்கு மேலே தன் கம்பஸ் பையை முதுகில் மாட்டினாள். ஆறு கிழமையும் அந்தப் பை முதுகைவிட்டு இறங்காது என்று எனக்கு அப்போது தெரியாது. 'ரீம் ஸ்பிரிட் காணாது' என்று அவளுக்கு இரண்டு தடவை அறிவுரை நடந்தது.

மாலை ஊழியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலையில் யார் இருப்பார்கள்? குடைகள் இருக்கும். கல்லுக்குக் கல் ஒரு குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடைக்குக் கீழே நாலு கால். சாம் அங்கிள் ரொறன்ரோவில் இருந்து பார்த்த திட்டத்தில் இந்தக் குடைகள் இல்லை. ஆனால் "ஒவ்வொரு குடையும் ஒரு வாய்ப்பு" என்றார்.

பிள்ளைகள் போனார்கள். ஒரு குடைக்குள் எட்டிப் பார்த்து, "வணக்கம், உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேட்டார்கள். உள்ளே இருந்த பெண் பிள்ளை உடனே அழத் தொடங்கிவிட்டாள். "ஐயோ, அம்மாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ!" வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இல்லாத ஒழுங்கை கிடையாது. நீல ரீசேர்ட் போட்ட ஒற்றர் படையை வீட்டுக்காரர்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தக் கரை முழுவதும் கதை பரவியது. அடுத்த நாள் குடைகள் எல்லாம் பம்பலப்பிட்டிப் பக்கம் குடிபெயர்ந்தன.

இதில் இன்னொரு விசேஷம், புத்தகம். யாரோடு கதைத்தாலும் அவர்களின் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அது ரொறன்ரோவுக்குப் போகும். அங்கே ஜெபிப்பார்கள். குடைக்குள் இருந்தவர்கள் சொன்ன பெயரெல்லாம் சொந்தப் பெயரா என்று கேட்காதீர்கள். ஒரே மாலையில் பதினொரு 'குமார்' விழுந்தது. கனடாவில் ஒரு கூட்டம் இன்னும் அந்தப் பதினொரு குமாருக்காகவும் முழங்காலில் நிற்கிறது.

நிரோஜாவின் கொப்பி மட்டும் வெறுமை. பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள், கச்சான் விற்கிற அம்மாவோடு ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்பாள். பெயர் எழுத மாட்டாள்.

"ஏன் பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன். கல்லில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"பேரைக் கேட்டு எழுதினா ஆக்கள் பயப்பிடுவினம், அன்ரி."

"அது ஜெபத்துக்குத்தானே?"

"எதுக்கெண்டாலும்." பிளேன்ரீக் கோப்பையைக் கல்லில் வைத்தாள். "முகாமில இருக்கேக்க எங்கட பேரை எழுதாத புத்தகம் இல்லை. நான் சின்னன். ஆனா ஒவ்வொருக்காவும் எழுதேக்க அப்பான்ர கை நடுங்கினது ஞாபகம் இருக்கு. கொழும்புக்குப் படிக்க விடேக்க அவர் ஒண்டே ஒண்டுதான் சொன்னவர். 'எங்க வேணுமெண்டாலும் போ. உன்ர பேர் ஒரு புத்தகத்திலயும் விழக்கூடாது. விழுந்தா அண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன்.'"

"கூட்டிக்கொண்டு போயிடுவாரே? படிப்பை நிப்பாட்டிப்போடுவாரே?" என்றேன்.

"அப்பா சொன்னா சொன்னதுதான்."

பரலோகத்துக்குப் போகிறவர்களைப் பதிகிற ஜீவபுத்தகத்தில் தங்கள் பெயர் எழுதப்பட வேண்டும் என்று காலையில் மணிக்கணக்காகப் பாடுகிற கூட்டத்தில், எந்தப் புத்தகத்திலும் பெயர் விழாமல் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை. நான் பிளேன்ரீயை முடித்துவிட்டு, பாவம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நினைப்பதற்கு ஒன்றும் செலவில்லையே.

மூன்றாவது சனிக்கிழமை மாலை. பதாகையைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து இரண்டு தாழை மரத்துக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன் கிற்றார் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து மாடிவீட்டில் யாரோ சத்தம் என்று முறையிட்டிருக்க வேண்டும். பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜன்ட், இரண்டு கொன்ஸ்டபிள்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போக வந்த மனிதர். திரும்பப் போனவர், பதாகைக்கு முன்னால் நின்றார். தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளினார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உரத்து வாசித்தார்.

"கட... லோ... ரச்... சமர்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இங்கே பொறுப்பாக இருப்பவர் யார்?"

நாற்பது பேரும் வாயைப் பிளந்தார்கள். பொலிஸைக் கண்டு இல்லை, அந்தத் தமிழைக் கேட்டு. உச்சரிப்பில் சிங்களம் இருந்தது. இலக்கணத்தில் ஒரு குறை இல்லை.

கிற்றார்ப் பையன் முந்திக்கொண்டான். "சேர், அது சம்மர் சேர்! கிம்ஹானய!" என்று சிங்களத்திலும் சொல்லி விளக்கினான்.

"இல்லை" என்றார் சார்ஜன்ட் பொறுமையாக. "சமர் என்றால் யுத்தம். போர். நான் ஆறு மாதம் வகுப்புக்குச் சென்றேன். எங்கள் ஆசிரியை கற்பித்தார்."

சாம் அங்கிள் கனேடியக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஓபிசர், இட்ஸ் எ ஸ்பிரிச்சுவல்..." என்று தொடங்கினார். அடுத்த சொல் என்ன என்று ஞாபகம் வந்ததும் இருமினார். நீண்ட இருமல்.

சார்ஜன்ட் ஒவ்வொருவராக அடையாள அட்டை பார்த்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. இந்தச் சொல்லின் பொருள் தெரியுமா? சம்மர், சேர். சம்மர், சேர். சம்மர். உண்மையாகத்தான் சொன்னார்கள். நிரோஜாவின் முறை வந்தது. அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கிளிநொச்சியா?"

"ஓம்."

"இந்தச் சொல்லின் பொருள் தெரியுமா?"

ஒரு பொய். நாலெழுத்துப் பொய். மற்ற முப்பத்தொன்பது பேரும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதுதான்.

"தெரியும்" என்றாள். "யுத்தம்."

"தெரிந்துகொண்டா அணிந்தீர்கள்?"

'முதல் நாளே சொன்னேன். இந்த அன்ரிதான் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்றார்' என்று அவள் என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான்.

கணக்கு எப்படி முடிந்தது பாருங்கள். தமிழ் தெரியாத முப்பத்தொன்பது தமிழரும் நிரபராதிகள். தமிழ் தெரிந்த ஒருத்திதான் சந்தேகநபர்.

"பயப்பட வேண்டாம், நங்கி" என்றார் சார்ஜன்ட். நங்கி என்றால் தங்கச்சி. கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "ஒரு வாக்குமூலம் மட்டும் பதிய வேண்டும். நிலையத்துக்கு வாருங்கள். பொறுப்பாளரும் வர வேண்டும்."

பொறுப்பாளர் என்ன செய்தார்? எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொல்லிக் கையைப் பிடிக்கச் சொன்னார். ஜெபம். ரயில் வந்தது. ரயில் போனது. ஆமென். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு ரொறன்ரோவோடு சூம் மீட்டிங்.

"மகள், யூ கோ" என்றார் நிரோஜாவிடம். "நாங்கள் இங்க இருந்து ஜெபத்தில தாங்கிக்கொள்ளுவம்."

சரி, அவரை விடுங்கள். நான் என்ன செய்தேன்?

ஃபிளாஸ்கின் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

பொலிஸுக்கு நான் பயப்படவில்லை. பொலிஸ் என்னை என்ன செய்யும்? நான் பயந்தது உங்களுக்கு. 'ஒரு எழுத்தைக் கவனிக்க முடியாதவர்களுக்கு எதற்கு மொழி' என்று எழுதியவள் யுத்தப் பதாகைக்குக் கட்டைவிரல் போட்டாளாம் என்று வெளியே தெரிந்தால்? ஆணிகளும் விருந்துகிறோமும் எழுந்து வந்து என்னைப் பார்த்துச் சிரிக்காதா? ஒரு பக்கம் ஒரு பிள்ளையின் படிப்பு. மறுபக்கம் என் மானம். எது பெரிதாகத் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடமும் என் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

நிரோஜா கொன்ஸ்டபிளுக்குப் பின்னால் தண்டவாளத்தைக் கடந்தாள். பை முதுகில். நடுத் தண்டவாளத்தில் நின்று திரும்பினாள்.

"அன்ரி, அப்பாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஃபிளாஸ்கை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். என் வயதில், என் எடையில், ஓடினேன் என்றால் பாருங்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு மேசை. மேசையில் அந்தப் புத்தகம். தடித்த மட்டை, பெரிய தாள். சார்ஜன்ட் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டார். திகதி எழுதினார். நேரம் எழுதினார். பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்.

"பெயர்?"

நிரோஜாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பாவின் கை எப்படி நடுங்கியது என்று அன்றைக்கு நான் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம், சேர்" என்றேன். "இந்தப் பிள்ளை எழுதேல்லை. இந்தப் பிள்ளை பிழை எண்டு முதல் நாளே சொன்னவ. பார்த்துச் சரி எண்டு சொன்னது நான்."

போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். படம், அதற்குக் கீழே என் மஞ்சள் கட்டைவிரல்.

"நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?"

"பத்திரிகையில எழுதுறன்."

"ஆங்கிலத்திலா?"

"...தமிழில."

சார்ஜன்ட் பேனாவை மேசையில் வைத்தார். போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எந்த வாசகரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"இங்கே என்ன வர வேண்டும்?"

"சம்மர், சேர். ஒரு 'ம்' விடுபட்டிட்டுது."

"சம்மர்..." என்று யோசித்தார். பிறகு, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "கோடை என்று எழுதியிருக்கலாமே, மிஸ்?"

நான் என்ன பதில் சொல்ல? யூத் கனெக்ட் ஆகாது என்றா?

அவர் பேனாவை எடுத்தார். நிரோஜாவின் அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்கள் வெளியே இருக்கலாம், நங்கி." பிறகு என் பக்கம் திரும்பி, என் பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து என்னிடம் காட்டி, சரியா என்று கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்துத்தான் சரி என்றேன். பாடம் படித்துவிட்டேன் அல்லவா?

திரும்பி வருகையில் ஓட்டோவில் நான் நிறையப் பேசினேன். சார்ஜன்ட் நல்லவர், பயப்பட ஒன்றுமில்லை, அப்பாவுக்குச் சொல்லத் தேவையில்லை... அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒழுங்கை முனையில் இறங்கும்போது ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"நான் முதல் நாளே சொன்னனான், அன்ரி."

ஒரு நன்றிக்காகக் காத்திருந்தேன் என்பதை அந்த வசனம் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன். எதற்கு நன்றி? நான் கட்டிய முடிச்சை நானே அவிழ்த்ததற்கா?

சமர் ரீசேர்ட்டை எல்லாம் கழற்றி ஒரு பெட்டியில் போட்டார்கள். மிச்ச மூன்று கிழமையும் பிள்ளைகள் சொந்த உடுப்போடுதான் கடற்கரைக்குப் போனார்கள். குடைகள் பம்பலப்பிட்டியிலிருந்து மெல்லத் திரும்பி வந்தன. நிரோஜா மட்டும் அந்தப் பையோடுதான் வந்தாள். பழக்கமாகிவிட்டது என்றாள்.

சாம் அங்கிள் ரொறன்ரோ நண்பர்களுக்கு ஒரு நியூஸ்லெட்டர் அனுப்பினார். எனக்கும் ஒரு பிரதி வந்தது. 'எங்கள் ஊழியம் பொலிஸ் நிலையத்துக்குள்ளும் சென்றது' என்று தடித்த எழுத்தில் இருந்தது. யார் சென்றார்கள், எதற்குச் சென்றார்கள் என்று விவரம் இல்லை. அடுத்த வருடமும் சம்மருக்கு வருவதாக எழுதியிருந்தார். வந்தார். தமிழ் வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் நிரோஜாவிடம் கேட்டேன். இப்போது கடைசி வருடம். படிப்பு முடிய இன்னும் ஒரு சோதனைதான். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

"எழுதுங்கோ அன்ரி. என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "பார்த்து எழுதுங்கோ. கொழும்பில தமிழ் வாசிக்கிற ஆக்கள் இருக்கினம்."

ஜீவபுத்தகத்தில் என் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பொலிஸ் புத்தகத்தில் இருக்கிறது — எழுத்துப் பிழை இல்லாமல்.